நாலைந்து பேர், ஒரு வாடகை வீடு: மனநோயோடு வாழ்பவர்களுக்கு ஊருக்குள் வீடு அமைக்க ஒரு வழிகாட்டி

"எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்த்துக்குவாங்க?" மனச்சிதைவு நோயோடு வாழும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் மருத்துவரிடம் கடைசியாகக் கேட்கும் கேள்வி இதுதான். மருந்து, வேலை, கல்யாணம் எல்லாவற்றையும் கேட்டு முடித்து, எழுந்து கதவு வரை போன பிறகு திரும்பி நின்று கேட்பார்கள். மனநலக் காப்பகங்களில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். நோய் தணிந்து, மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, வெளியே போகத் தயாராக இருந்தும், கூட்டிப்போக ஆளில்லாத ஒரே காரணத்தால் வருஷக்கணக்காக வார்டிலேயே இருப்பவர்கள் அங்கே உண்டு.

இரண்டு தரப்புக்கும் பொருந்துகிற வழி ஒன்று தமிழ்நாட்டிலேயே நடைமுறையில் இருக்கிறது. சாதாரணத் தெருவில் ஒரு சாதாரண வாடகை வீடு. அதில் நாலைந்து பேர். தேவைப்படும் அளவுக்கு உதவ ஓர் ஆள். வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993-ல் சென்னையில் தொடங்கிய 'தி பேனியன்' அமைப்பு, 2015 முதல் 'ஹோம் எகெய்ன்' என்ற பெயரில் இதைச் செய்துவருகிறது. பிறகு கேரளம், மகாராஷ்டிரம், அசாம் என்று மற்ற மாநிலங்களுக்கும் அது பரவியது.

பெற்றோர்கள் ஒன்றுசேர்ந்த குழு, சின்ன அறக்கட்டளை, புதிதாக வேலைக்கு வந்த சமூகப் பணியாளர் என்று இதைத் தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எதற்கும் முன்னால் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: அது அங்கே குடியிருப்பவர்களின் வீடு. நீங்கள் உள்ளே போகும்போது கதவைத் தட்டிவிட்டுத்தான் போகவேண்டும். இதில் உங்களுக்குத் தயக்கம் இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள். இந்த முடிவு உறுதியாக இல்லாமல் தொடங்கிய வீடு ஒரு வருஷத்துக்குள் குட்டி ஆஸ்பத்திரியாக மாறிவிடும்.

சட்டம் உங்கள் பக்கம்தான்

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநோயாளிகளை அடைத்துவைக்கும் இடங்களைப் பற்றி நாட்டையே பேசவைத்த நாள் அது. இன்று நடைமுறையில் இருப்பது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். அதன் 95-வது பிரிவு யாரையும் எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது.

உங்களுக்கு முக்கியமானது 19-வது பிரிவு. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, தங்க இடமில்லை, வெளியே வசதி இல்லை என்ற காரணங்களை மட்டும் வைத்து ஒருவரை மனநல மருத்துவமனையிலேயே தங்கவைக்க முடியாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. இனி மருத்துவமனையில் இருக்கத் தேவையில்லாதவர்களுக்குக் குழு இல்லம் போன்றவற்றை அமைப்பதும், அமைப்பவர்களுக்குத் துணைநிற்பதும் அரசின் கடமை என்றும் சொல்கிறது. அதிகாரிகளைப் பார்க்கப் போகும்போது இந்தப் பிரிவின் நகல் கையில் இருக்கட்டும். தயவு கேட்டுப் போகிற தோரணை வேண்டாம்.

பதிவு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். மனநோய் உள்ளவர்களைச் சேர்த்து, தங்கவைத்து, பராமரிக்கும் இடங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்யவேண்டும். சொந்தக்காரர்களோடோ நண்பர்களோடோ ஒருவர் குடியிருக்கும் வீட்டுக்கு அது பொருந்தாது. உங்கள் வீடு இதில் எந்தப் பக்கம் வரும் என்பது அதை நடத்தும் முறையைப் பொறுத்தது. ஆகவே வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, திட்டத்தை இரண்டு பக்கத்தில் எழுதி ஆணையத்திடமும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமும் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்ன "பரவாயில்லை, ஆரம்பிங்க" என்பது அந்த அதிகாரி மாற்றலாகிப் போனால் செல்லாது.

யாரோடு யார்

இருப்பவர்களைப் பட்டியல் போட்டு, வயதும் நோயும் பார்த்து நீங்களே பிரித்து அனுப்புவது சுலபம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வார்டில் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் இருந்தவர்கள், சாப்பாட்டில் பங்கு போட்டுக்கொண்டவர்கள், ஒருத்தி அழுதால் இன்னொருத்தி போய் உட்காருகிறவர்கள் யார் என்று கவனியுங்கள். "நீங்க யார்கூட இருக்க ஆசைப்படுறீங்க?" என்று நேராகவே கேளுங்கள். "யார்கூட இருக்க வேண்டாம்?" என்று கேட்டால் பதில் இன்னும் வேகமாக வரும். அதுவும் தேவையான தகவல்தான்.

போக மனமில்லாதவர்களும் இருப்பார்கள். இருபது வருஷம் ஒரே இடத்தில் இருந்தவருக்கு வெளியுலகம் பயமாகத்தான் இருக்கும். ஒரு நாள் கூட்டிப்போய்ச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அப்புறம் ஒரு ராத்திரி, அப்புறம் ஒரு வாரம். அதன் பிறகும் வேண்டாம் என்றால் அவர் சொல்வதுதான் முடிவு.

"இவர் இன்னும் தயாராகவில்லை" என்ற பேச்சையும் அடிக்கடி கேட்பீர்கள். சமைக்கத் தெரியாது, காசு எண்ணத் தெரியாது, தனியாகப் பேசிக்கொள்கிறார் என்பார்கள். காதில் குரல் கேட்பவர்களும் வீட்டில் வாழலாம், வாழ்கிறார்கள். சமையலை வார்டில் கற்றுக்கொள்ள முடியாது, அடுப்படி இருக்கிற இடத்தில்தான் முடியும். நோய் கடுமையாக இருக்கும் சமயத்தில் மட்டும் காத்திருங்கள். மற்றதையெல்லாம் வீட்டுக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வீடு பிடிப்பது

ஊருக்கு வெளியே தோப்புக்குள் மலிவாகக் கிடைக்கும் இடத்தை எடுக்காதீர்கள். பேருந்து நிறுத்தம், மளிகைக் கடை, டீக்கடை, ரேஷன் கடை எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கவேண்டும். தரைத்தளமாக இருந்தால் நல்லது. மொட்டை மாடிக்கு நேர்கீழே உள்ள தளமும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் வேண்டவே வேண்டாம். மனநோய் மருந்துகள் பலவற்றில் உடம்பு சூட்டைத் தாங்கும் சக்தி குறைகிறது. சித்திரை வெயிலில் அந்த அறை ஆபத்தானது. இரண்டு கழிப்பறை இருந்தால் பாதிச் சண்டை குறையும். ஆளுக்கொரு பூட்டுப் போடும் அலமாரி கட்டாயம்.

வீட்டுக்காரரிடம் எவ்வளவு சொல்வது? மறைத்துவைத்து எடுத்த வீடு மூன்றாம் மாதமே கைநழுவிப் போகும். அதற்காக ஒவ்வொருவரின் நோயையும் விவரிக்கத் தேவையில்லை, சட்டப்படி அது அவரவரின் ரகசியம். "மனநல சிகிச்சை எடுத்துக் குணமடைந்து வருகிறவர்கள் நாலு பேர் சேர்ந்து குடியிருக்கப் போறாங்க. கூட ஓர் ஆள் இருப்பாங்க. வாடகைக்கும் வீட்டுக்கும் நாங்க பொறுப்பு. இது என் நம்பர், ராத்திரி எப்போ வேணாலும் கூப்பிடுங்க." இவ்வளவு போதும். பலர் மறுப்பார்கள். கதவைத் திறப்பவர்களில் பெரும்பாலோர் தங்கள் வீட்டில் இப்படி ஒருவரைப் பார்த்தவர்களாக இருப்பார்கள்.

ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். 2019 முதல் தமிழ்நாட்டில் அமலில் உள்ள வாடகைச் சட்டம் அதைத்தான் கேட்கிறது. வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்றும் அது சொல்கிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. பேசிக் குறையுங்கள். குடியிருப்பவர்களில் எழுதிக்கொடுக்க விருப்பமும் தெளிவும் உள்ளவர் இருந்தால் அவர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

சாவியில் சமரசம் வேண்டாம். குடிபுகும் அன்றே ஆளுக்கொரு சாவி. ராத்திரியில் வெளிப்பக்கம் பூட்டுகிற வழக்கம் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. ஏர்வாடியை நினைத்துக்கொள்ளுங்கள். சமையல் வாயு இருப்பதால் குழாயை அவ்வப்போது மாற்றுவதும், படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடுவதும், தீ வந்தால் எந்தக் கதவு வழியாக ஓடுவது என்று எல்லோரும் ஒருமுறை நடந்து பார்ப்பதும் முதல் வாரமே முடிந்திருக்கவேண்டும்.

காகிதங்கள்

சலிப்பான வேலைதான், ஆனால் தள்ளிப்போட்டால் எல்லாம் நின்றுவிடும். முதலில் ஆதார். நீண்ட நாள் காப்பகத்தில் இருந்தவர்களிடம் முகவரிச் சான்று எதுவும் இருக்காது. காப்பகத்தின் பொறுப்பாளர் தரும் சான்றை வைத்து வாங்கலாம், குடிவரப் போகிறவர் அங்கிருந்து கிளம்பும் முன்பே அதை முடித்துவிடுங்கள். அடுத்து வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில் மனநோயும் ஒன்று. அரசு மருத்துவமனை மனநல மருத்துவர் 'ஐடியாஸ்' என்ற அளவுகோலில் மதிப்பிடுவார். தன்னைப் பார்த்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேச்சைப் புரிந்துகொண்டு பேசுவது, வேலை செய்வது ஆகிய நான்கையும், எத்தனை வருஷமாக நோய் என்பதையும் அதில் பார்ப்பார்கள். பெரும்பாலான உதவிகளுக்கு 40 சதவீதம் தேவை. அன்றைக்கு நன்றாக உடுத்தி, தெளிவாகப் பேசியதாலேயே குறைந்த சதவீதம் பெற்றுத் திரும்புகிறவர்கள் உண்டு. சாதாரண நாட்களில் எப்படி இருக்கிறார் என்பதை எழுதி, பழைய மருந்துச் சீட்டுகளோடு எடுத்துப் போங்கள்.

ஒரு விஷயத்தில் ஏமாறாதீர்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் 'நிராமயா' மருத்துவக் காப்பீடு, அதன் வழியான பாதுகாவலர் நியமனம் ஆகியவை ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கானவை. மனநோய்க்கு மட்டும் சான்று வைத்திருப்பவருக்கு அவை கிடைக்காது.

கூட இருப்பவர்

வீட்டின் தரம் இவரைப் பொறுத்தது. படித்த படிப்பை விடக் குணம் முக்கியம். கேட்கப் பொறுமை, அதட்டாத குரல், கேலி செய்யாத மனசு. அதே வட்டாரத்துப் பெண்கள் இதில் நன்றாகப் பொருந்துகிறார்கள். கடைக்காரரைத் தெரியும், கோயில் திருவிழா தேதி தெரியும், தண்ணீர் லாரி எப்போது வரும் என்றும் தெரியும்.

"அம்மா, அக்கா" என்று கூப்பிட்டுவிட்டு, சம்பளம் மட்டும் கால்வாசி கொடுப்பது நம் ஊரில் நடக்கிற அநியாயம். ஒழுங்கான சம்பளம், வாரத்தில் ஒரு நாள் முழு விடுப்பு, மாற்று ஆள், மனசுவிட்டுப் பேச மாதம் ஒருமுறை ஒரு மூத்த சமூகப் பணியாளர். இவ்வளவும் பட்ஜெட்டில் இடம்பெறாவிட்டால் வீட்டைத் தொடங்காதீர்கள்.

எதைச் செய்யவேண்டும் என்பதைப் போலவே எதைச் செய்யக்கூடாது என்பதையும் எழுதிக் கொடுங்கள். அடுத்தவரின் ஏடிஎம் அட்டையை வைத்திருக்கக்கூடாது. கேட்காமல் அலமாரியைத் திறக்கக்கூடாது. "சொன்னா கேக்கலேன்னா திரும்ப அங்கேயே அனுப்பிடுவேன்" என்ற வார்த்தை வாயில் வரவே கூடாது. ஒருமுறை அதைச் சொன்னால் போதும், அந்த வீட்டில் யாருக்கும் நிம்மதியாகத் தூக்கம் வராது.

முதல் சில மாதங்கள்

காப்பகத்தில் நெடுநாள் இருந்துவிட்டு வருகிறவர்கள் பன்னிரண்டரை மணிக்குத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நிற்பார்கள். சமைக்கிற பெண்மணி, "உக்காருங்க, நாம சேர்ந்து சாப்பிடலாம்" என்றால் நகர மாட்டார்கள். முந்தைய ஆளுக்குப் பின்னால் வரிசையாக நிற்பார்கள். இன்னிக்கு என்ன குழம்பு வைக்கலாம் என்று கேட்டால் பதில் வராது. வாரக்கணக்கில் வராது. கேட்பதை மட்டும் நிறுத்தாதீர்கள். ஒரு நாள் யாராவது ஒருவர், "கத்திரிக்காய் வேணாம்" என்பார். மறுப்பது தன் கையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, அன்றைக்குக் கத்திரிக்காய் வாங்காதீர்கள்.

அட்டவணை ஒட்டாதீர்கள். ஆறு மணிக்கு எழுந்திருக்க, எட்டு மணிக்குக் குளிக்க என்று சுவரில் தாள் ஒட்டிய நிமிஷமே அது வார்டாகிவிடுகிறது. ஒருவர் ஒன்பது மணி வரை தூங்கினால் தூங்கட்டும், ராத்திரி மாத்திரையின் அசதி அது. யார் பாத்திரம் தேய்ப்பது, டிவி ரிமோட் யாரிடம் என்பதெல்லாம் அவர்கள் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ள வேண்டியவை. கைகலப்பாகாத வரை உள்ளே போகாதீர்கள். எந்த வீட்டில்தான் ரிமோட்டுக்குச் சண்டை இல்லை?

மருந்து, உடம்பு

மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம், மருந்தும் இலவசம். உங்கள் பகுதிக்கு எந்த நாளில் வருகிறார்கள் என்று கேட்டு நாட்காட்டியில் குறித்துவையுங்கள். மாத்திரையை அவரவரே எடுத்துப் போடப் பழக்குவதுதான் இலக்கு. வாரப் பெட்டியில் பிரித்து வைப்பதில் தொடங்கலாம்.

சில மருந்துகளுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். லித்தியம் சாப்பிடுகிறவர் வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடித்தாலோ, வாந்தி பேதி வந்தாலோ, டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரை போட்டாலோ ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். கை நடுக்கம் கூடுவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். க்ளோசபின் சாப்பிடுகிறவருக்கு ரத்த அணுப் பரிசோதனை தவறக்கூடாது. காய்ச்சலையும் தொண்டை வலியையும் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது, மலச்சிக்கலையும்தான். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர் அதைத் திடீரென்று நிறுத்தினால் க்ளோசபின் அளவு உடம்பில் கூடும் என்பது பலருக்குத் தெரியாது. நிறுத்துவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எடை கூடுவதும் சர்க்கரை நோய் வருவதும் இந்த மருந்துகளோடு அடிக்கடி சேர்ந்து வருகின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை பாருங்கள். மனநோய் உள்ளவர் நெஞ்சு வலிக்கிறது என்றால் "அதெல்லாம் மனப்பிரமை" என்று திருப்பி அனுப்பும் மருத்துவமனைகள் இருக்கின்றன. அங்கே பக்கத்தில் நின்று வாதாடவேண்டியவர் நீங்கள்தான்.

நோய் மறுபடியும் தலைதூக்கினால்

தூக்கம் குறைவது, சாப்பாட்டைச் சந்தேகத்தோடு பார்ப்பது, அளவுக்கு மீறிச் செலவு செய்வது, குளிப்பதை நிறுத்துவது. ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் உண்டு. நன்றாக இருக்கும்போதே அவரைக் கேட்டு, அவர் வார்த்தையிலேயே எழுதிவையுங்கள்: "எனக்கு முடியாமப் போகும்போது இப்படி இருப்பேன். அப்போ இவரைக் கூப்பிடுங்க. இந்த ஊசி வேண்டாம்." சிகிச்சை எப்படி வேண்டும், எப்படி வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 5-வது பிரிவு தருகிறது. அவர் சார்பில் முடிவெடுக்க உதவும் பிரதிநிதியை வெறும் வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வைத்து நியமிக்கலாம். சொந்தக்காரராகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை, அந்த ஆள் எழுத்தில் சம்மதித்தால் போதும்.

இரவு நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 14416. அது 'டெலி மானஸ்' என்ற அரசு மனநல உதவி எண், எந்நேரமும் தமிழில் பேசுவார்கள். மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் கூடவே போங்கள், தினமும் பாருங்கள். அவர் படுக்கையையும் அலமாரியையும் வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். "உன் இடம் அப்படியே இருக்கு" என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

தெருவும் பணமும்

வாடகை, உதவியாளர் சம்பளம் ஆகிய இரண்டும்தான் பெரிய செலவு. இவற்றைக் குடியிருப்பவர்கள் தலையில் கட்ட முடியாது. அரசு உதவியோ, நன்கொடையோ, குடும்பங்களின் பங்கோ வேண்டும். குறைந்தது ஒரு வருஷத்துக்கான பணம் கையில் இல்லாமல் தொடங்காதீர்கள். நடுவில் மூடப்படும் வீடு, ஏற்கெனவே ஒருமுறை வீட்டை இழந்தவர்களை இரண்டாம் முறையும் தெருவில் விடுகிறது. கைச்செலவுக்கான காசை ஒவ்வொருவரிடமும் நேராகக் கொடுங்கள். அதை அவர் பூவுக்குச் செலவழிக்கிறாரா, பஜ்ஜிக்கா என்று கணக்குக் கேட்காதீர்கள்.

குடிபுகும் அன்று பால் காய்ச்சினால் பக்கத்து வீடுகளுக்குக் குடியிருப்பவர்களே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். வாசலில் பெயர்ப்பலகை வேண்டாம். 'மனநோயாளிகள் இல்லம்' என்று பலகை மாட்டிய வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பந்து எடுக்கக்கூட வரமாட்டார்கள். பிறந்தநாளுக்கு அன்னதானம் போட்டு, படம் எடுத்துப்போக வருகிறவர்களை அன்போடு மறுத்துவிடுங்கள்.

தேர்தல் வந்தால் ஓட்டுப் போட அழைத்துப் போங்கள். நீதிமன்றம் மனநிலை சரியில்லாதவர் என்று அறிவிக்காத வரை நோயைக் காட்டி யாரும் அந்த உரிமையைத் தடுக்க முடியாது. 2019 மக்களவைத் தேர்தலில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள்.

போக நினைப்பவர்கள், போய்விடுபவர்கள்

ஒன்றிரண்டு வருஷத்தில் ஒருவர் தனியாக அறை எடுக்கவேண்டும் என்பார். இன்னொருவரைத் தேடி, கைவிட்டுப் போன அண்ணனே வருவார். இருவரையும் தடுக்காதீர்கள். தனியே போகிறவருக்கு முதல் சில மாதங்கள் வாரம் ஒருமுறை போய்ப் பாருங்கள். குடும்பத்தோடு போகிறவரிடம் அவருடைய அட்டைகள், வங்கிப் புத்தகம், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் அவர் கையிலேயே கொடுங்கள், அண்ணன் கையில் வேண்டாம். குறைந்தது மூன்று மாதம் இருவரின் இடத்தையும் காலியாக வைத்திருங்கள். சொத்துக் கையெழுத்துக்காகக் கூட்டிப்போய்விட்டு, காரியம் முடிந்ததும் பேருந்து நிலையத்தில் விட்டுவிட்டுப் போகிற குடும்பங்களும் இருக்கின்றன. உங்கள் தொலைபேசி எண் அவர் பையில் எப்போதும் இருக்கட்டும்.

வயதாகி அந்த வீட்டிலேயே இறப்பவர்களும் உண்டு. அடக்கமா தகனமா, யாருக்குச் சொல்லி அனுப்புவது, கொள்ளி யார் வைப்பது என்பதை அவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டுக் குறித்துவையுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்டால் பெரும்பாலோர் தயங்காமல் சொல்கிறார்கள், பல சமயம் கூடவே குடியிருக்கும் ஒருவரின் பெயரைத்தான் சொல்கிறார்கள். அந்தப் பெயரைச் சொந்தக்காரர்களின் பெயருக்கு மேலே எழுதுங்கள்.